வசந்தாமணிக்கு எட்டு யூனிட்

நாலு மணிக்கு வெல்டர் வந்துவிடுவார், அதற்குள் கூரைமேல் என்ன வைப்பது என்று ஒரு முடிவைச் சொல்லிவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு யூசுப் சாப்பிடப் போனபோது மணி இரண்டாகியிருந்தது. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை அது, யூசுப்புடையது. வேலையாட்களும் போய்விட்டார்கள். ஏதோ பழைய பஸ்ஸிலிருந்து கழற்றி வேப்பமரத்தடியில் போட்டிருந்த இரட்டை இருக்கையில் நாச்சிமுத்து உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு, எதிரே நின்ற தன் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வேன். மஞ்சள் பெயிண்டைச் சுரண்டியாகிவிட்டது. பின்னாலிருந்த இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தரையில் பிளைவுட் போட்டாயிற்று. கட்டில் வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அடுப்பு வரும் இடத்தில் ஒரு கோடு, ஆக்சிஜன் மிஷின் வரும் இடத்தில் ஒரு சதுரம். கூரை மட்டும் இன்னும் மொட்டையாக இருந்தது. சோலார் என்றால் கூரை நீளத்துக்கும் இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டு பண்ண வேண்டும். கரண்ட் எடுக்கிற காத்தாடி என்றால் பின்பக்கம் அடிச்சட்டமான சேசிஸ் வரை ஒரு கம்பம் இறக்க வேண்டும். இரண்டும் சேராது. காத்தாடி றெக்கையின் நிழல் ஒரு பேனல்மேல் விழுந்தால் கூட இருக்கிற பேனலும் சேர்ந்து படுத்துவிடும். இதை யூசுப்புக்கு விளக்கிச் சொன்னதே நாச்சிமுத்துதான். வெயிலா காத்தா, ஏதாவது ஒன்று. ஒரு வார்த்தை. மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

எட்டு யூனிட். நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் மனைவி வசந்தாமணியின் ஆக்சிஜன் மிஷின் மணிக்கு முன்னூற்றைம்பது வாட் தின்னும். இருபத்துநாலு மணி நேரத்துக்கு எட்டு யூனிட்டும் அதற்குமேல் கொஞ்சமும். ஒரு மனுசி மூச்சுவிட எட்டு யூனிட். முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர் அவர், ஒயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக வெளியே வந்தவர். தாராபுரத்தைச் சுற்றி எத்தனை ஊருக்கு, எத்தனை தறிக்கு, எத்தனை கிணற்று மோட்டாருக்கு அவர் கையால் கரண்ட் போயிருக்கும். அப்போதெல்லாம் யூனிட் என்றால் யாரோ கட்டுகிற பில். இப்போது ஒரு யூனிட் என்றால் அவள் மூன்று மணி நேரம். காலையில் கண் விழித்ததிலிருந்து குளித்து, சாமி கும்பிட்டு, அரை இட்லி சாப்பிட்டு, பேப்பரைத் தலைப்பு மட்டும் பார்த்து முடிக்கிற நேரம். வீட்டில் கரண்ட் போனால் மிஷின் பீப் பீப் என்று கத்தும். இன்வெர்ட்டர் பிடிக்கிற வரைக்கும் ஒரு நொடிதான், அந்த ஒரு நொடியில் அவர் எங்கே இருந்தாலும் ஓடுவார். கொல்லையில் இருந்தாலும் சரி, சோப்புப் போட்ட உடம்போடு பாத்ரூமில் இருந்தாலும் சரி. அவள் கையைத் தூக்கிக் காட்டுவாள், ஒண்ணுமில்லை என்று. அந்தக் கை மெலிந்துகொண்டே வருவதை மட்டும் அவர் பார்ப்பார். அதனால்தான் எட்டு. ஏழரை வைத்தால் போதாதா என்று யூசுப் ஒருநாள் கேட்டார். அரை யூனிட் என்றால் ஒன்றரை மணி நேரம், எந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழிப்பது என்று திருப்பிக் கேட்டார் இவர். யூசுப் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சோலார் என்றால், அடுத்த பக்கம், பெரிய பேனல் மூன்று கூரையில் உட்காரும். நல்ல வெயிலில் ஐந்து யூனிட் வரும். வண்டி ஓடும்போது எஞ்சின் ஒரு இரண்டு மூன்று கொடுக்கும். வெயில் சத்தம் போடாது, ஆடாது, எண்ணெய் கேட்காது. வசந்தாமணிக்கும் வெயில் பிடிக்கும். காலையில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை மட்டும் வெயிலில் நீட்டி உட்கார்ந்திருப்பாள். வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்தச் சொல்லுவாள். எதிர்ச் சுவரில் இந்தியா மேப் தொங்கும். பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் புவியியல் எடுத்தவள். ரிட்டையர் ஆகும்போது பிள்ளைகள் என்ன வேண்டும் டீச்சர் என்று கேட்டதற்கு, அந்தக் கிழிஞ்ச மேப்பைக் குடுங்க போதும் என்று வாங்கிவந்தாள். நர்மதை எங்கே பிறக்கிறது, எங்கே கடலில் விழுகிறது, கட்ச் ரண் என்கிற உப்பு வெளி ஏன் வெள்ளையாக இருக்கிறது எல்லாம் தெரியும். திருப்பதிக்கு அந்தப் பக்கம் அவள் போனதில்லை. அவர்தான் கூட்டிப் போனதில்லை. லீவு போட முடியாது, லைன் அறுந்துபோச்சு, தேர்தல் டூட்டி, அடுத்த வருஷம், அடுத்த வருஷம். மேப்பில் அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். தாராபுரம், பாலக்காடு, மங்களூர், அப்படியே கடலை ஒட்டி மேலே மேலே போய்க் குஜராத்தில் வெள்ளை உப்பு வரைக்கும். அந்தக் கோட்டில் பாதி தூரம் மழைக்காலத்தில் வெயிலே இருக்காது. மேகம் மூடினால் ஐந்து யூனிட் ஒன்றரை ஆகிவிடும். மூன்று நாள் தொடர்ந்து மூடினால்? கொங்கண் கரையில் ரத்னகிரிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாக்குத் தோட்டத்தின் ஓரம் வண்டி நிற்க, மழை கூரையில் அடிக்க, பேட்டரி இறங்கி மிஷின் கத்த ஆரம்பித்தால். பாஷை தெரியாத ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டி, என்னவென்று சொல்லிக் கரண்ட் கேட்பது. நாச்சிமுத்து நோட்டை மூடினார். மூடியபிறகும் அந்தப் பாக்குத் தோட்டம் போகவில்லை. மழை நின்றபாடில்லை.

அப்போ காத்தாடி. காத்து ராத்திரி பகல் பார்க்காது. மழைக்காலத்தில்தான் நன்றாக அடிக்கும். வெயில் விட்ட இடத்தைக் காத்து பிடிக்கும் என்று ஒரு பக்கம் முழுக்க அவர் எழுதி வைத்திருந்தார். காத்தை அவருக்குத் தெரியும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காத்து கம்பத்தைச் சாய்க்கும், தென்னை மட்டையை லைன்மேல் கொண்டுவந்து போடும். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தின் உச்சியில் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் காத்து இங்கே அடிக்கிற காத்து. ஐப்பசி கார்த்திகையில் கொங்கண் கரையில் இலைகூட அசையாது என்று வசந்தாமணியே சொன்னாள். அவளேதான் வைகாசியில் காத்தாடி வைங்க என்றாள். சித்திரையில் சோலார் என்றவள் அவள்தான். சரி காத்தாடி என்று இவர் கோயமுத்தூருக்கு ஆள் தேடிப் போய், றெக்கையின் கனம், கம்பத்தின் உயரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து நின்றால், அது சத்தம் போடுமேங்க, தலைக்குமேல உர்ர்ருன்னு சுத்தினா தூக்கம் வருமா, சோலாரே வெச்சுக்கலாம் என்றாள். மறுபடி பேனல் கணக்கு. கணக்கு முடிகிற சமயம், மழை வந்தா என்னங்க பண்றது. நாலு தடவை. ஐந்தாவது தடவை, போன ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பொறுக்கவில்லை. ஒண்ணச் சொல்லித் தொலையேன் என்று கத்திவிட்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் கத்தியது கைவிரலுக்குள் அடங்கும். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் பத்து நிமிஷம் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்து, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டியிருந்த சின்னக் கருவியில் நம்பர் எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு என்று இறங்கியது. இவர் முதுகைத் தடவிக்கொண்டே அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலை என்ற சொல்லை எடுத்து எங்கே போடுவது என்று தெரியவில்லை. இப்போதும், இந்த வேப்பமரத்தடியில், அது வாய்க்குள்தான் கிடந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அது போகவில்லை.

அந்த ஒரு சொல்லா. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறதே. அதன் பக்கம் நினைப்பு போகும்போதெல்லாம் வேறு பக்கம் திருப்பிவிடுவதற்காகவே அவர் இந்த நோட்டை வைத்திருந்தாரோ என்னவோ. பட்டறைக் கூரையின் இரும்பு விட்டத்தில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்து குமுறிக்கொண்டிருந்தன. வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, அவர்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் அந்த நெஞ்சு டாக்டர், சின்ன வயசுப் பையன், படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, வீட்ல புறா ஏதாவது வளக்கறீங்களா என்று கேட்டார். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நாச்சிமுத்து சந்தோஷமாகச் சொன்னார், ஆமாங்க, கர்ணப்புறா, நாப்பது ஜோடி, மேல போயிக் கரணம் அடிச்சு வரும் பாருங்க. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். புறா எச்சம் காய்ந்து பறக்கிற தூள் சில பேருக்கு நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக்கிவிடும் என்று நிதானமாகச் சொன்னார். கூண்டை யார் சுத்தம் பண்ணுவீங்க என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி, நாந்தாங்க, இவுங்க ஆறு மணிக்கே டூட்டிக்குப் போயிருவாங்க என்றாள். இருபது வருஷம். முந்தானையால் மூக்கைக் கூட மூடாமல், விளக்குமாறும் முறமுமாக மொட்டை மாடிக்குப் போய்ப் பெருக்கி அள்ளிவிட்டு, கை கழுவி, பிறகு பள்ளிக்கூடம் போவாள். அவர் ஆசைக்கு வளர்த்த பறவை அவள் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

மறுநாளே எல்லாவற்றையும் கூடை கூடையாகக் காங்கயத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நாலைந்து திரும்பி வந்துவிட்டன. மறுபடி கொண்டுபோய் விட்டார். ஒன்று மட்டும், கழுத்தில் செம்பு நிறம் மின்னுகிற பெட்டை, ஒரு மாதம் வந்துகொண்டே இருந்தது. கூண்டு இருந்த இடத்தில், வெறும் செங்கல்மேல் உட்கார்ந்து அவரைப் பார்க்கும். தகரத்தைத் தட்டித் துரத்துவார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காரும். ஒருநாள் கல்லை எடுத்துவிட்டார். அப்போது மாடிப்படியில் நின்றுகொண்டு வசந்தாமணி சொன்னாள், விடுங்க, அதுகளுக்கு என்ன தெரியும். அவ்வளவுதான் சொன்னாள். மூன்று வருஷமாக அந்த நாலு வார்த்தையை அவர் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். அதுகளுக்கு என்ன தெரியும் என்றால், உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று அர்த்தமா. அதுகளுக்கு என்று அழுத்திச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா. குரலை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் ஒரு தடவை அழுத்தம் இருக்கிறது, இன்னொரு தடவை இல்லை. கேட்டுவிடலாம். முப்பத்தாறு வருஷம் ஒரே கூரையின் கீழே இருக்கிறவளிடம் கேட்க என்ன. கேட்கவில்லை. அவளும் அதற்கப்புறம் புறா என்ற வார்த்தையையே எடுத்ததில்லை.

யூசுப் வேலை முடிய எத்தனை நாள் சொன்னார்? நாற்பத்தைந்து. தீபாவளிக்கு ஓட வேண்டிய பஸ்கள் வரிசையில் நிற்கின்றன, இருந்தாலும் உங்களுக்காக இழுத்துப் பிடித்து நாற்பத்தைந்து என்றார். அப்புறம் பேட்டரியை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். புரட்டாசிப் பாதி. குஜராத் போய்ச் சேர மார்கழி. இந்தக் கணக்கு நோட்டில் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஆனிக் கடைசியில், வசந்தாமணியை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு அந்த டாக்டர் இவரை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். தோளில் கை வைத்தார். இவரைவிட முப்பது வயது சின்னவர். ஐயா, மூணு மாசம், அதுக்கு மேல வெச்சுக்காதீங்க, என்ன ஆசைப்படறாங்களோ செஞ்சு குடுங்க என்றார். இவர் தலையாட்டினார். அப்புறம், மிஷினைச் சோலாரில் ஓட்டலாமா, வோல்டேஜ் ஏறி இறங்கினால் பழுதாகுமா என்று கேட்டார். டாக்டர் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, ஓட்டலாம் என்றார். திரும்பி வருகிற வழியில் காரில் வசந்தாமணி, டாக்டர் என்னங்க சொன்னாரு என்று கேட்டதற்கு, சோலார்ல ஓட்டலாமாம் என்றார் இவர். அது பொய் இல்லை. மூன்று மாதம் என்றால் இப்போது இரண்டு மாதமும் ஒரு வாரமும். அதில் நாற்பத்தைந்தும் ஏழும் போனால். அவர் பென்சிலை எடுத்தார். எடுத்த பென்சில் தாளில் படவில்லை. நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டால் கீழே கோடு போட வேண்டிவரும், கோடு போட்டால் மிச்சம் எழுத வேண்டிவரும். இவ்வளவு நாளும் எட்டு யூனிட்டுக்கு வழி தேடியவர், அந்த எட்டு யூனிட் எத்தனை நாளைக்கு வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றே முக்காலுக்கு யூசுப் வந்தார். பக்கத்தில் வந்து நின்றவர், நோட்டையும் பார்க்காமல் வேனையும் பார்க்காமல், டீ சொல்லட்டுங்களா சார் என்றார். வேண்டாம் என்றார் நாச்சிமுத்து. வெல்டரின் வண்டி வாசலில் வந்து நின்று, கேஸ் சிலிண்டரை உருட்டி இறக்குகிற சத்தம் கேட்டது. முடிவு பண்ணிட்டீங்களா என்று யூசுப் மெதுவாகக் கேட்டார். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடறேன் என்று போனை எடுத்தார் இவர். பக்கத்து வீட்டுச் செல்வி எடுத்தாள், அவர் வெளியூர் போகிற நாளில் அவள்தான் துணைக்கு இருப்பது. டீச்சர் நல்லாத்தான் இருக்கறாங்க, மத்தியானம் ரெண்டு வாய் அதிகமாகவே சாப்பிட்டாங்க என்று சொல்லிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தாள்.

சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள் வசந்தாமணி. ஆயிற்று என்றார். மூன்று நாலு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் அவளால் பேச முடியும். அந்த இடைவெளியில் பின்னால் மிஷின் ஓடுவது கேட்டது.

"வசந்தா, யூசுப் நிக்கறாரு, வெல்டரும் வந்துட்டாரு. இன்னிக்கு ஒண்ணு சொல்லிரு. சோலாரா, காத்தாடியா?"

"வேல முடிய... எத்தன நாளாகும்ங்க?"

பத்து நாள் என்று சொல்ல வந்தார். நாக்கு வேறு சொன்னது. "நாப்பத்தஞ்சு நாளுங்கறாங்க."

மிஷின் இரண்டு தரம் இழுத்து விட்டது. "அத்தன நாளு எனக்கு இல்லீங்க" என்றாள். வீட்டில் காப்பித்தூள் இல்லை என்று சொல்வாளே, அந்தக் குரலில்.

நாச்சிமுத்து இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் வேனின் நிழலில் போய் நின்றார். யார் சொன்னது என்று கேட்டார்.

"நாந்தான் கேட்டேன். பங்குனில. நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க... அந்த டாக்டர் தம்பிகிட்ட நானே கேட்டேன். அஞ்சாறு மாசம்னாரு. பாவம், அவரு அழுதுட்டாரு."

பங்குனி. வண்டி வாங்கலாமா என்று இவர் பயந்து பயந்து கேட்டது சித்திரையில். பழைய பிரிட்ஜை மாற்றவே ஆறு மாதம் யோசிப்பவள், வாங்குங்க என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். அன்றைக்கு அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான், அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. "அப்ப எதுக்கு வாங்கச் சொன்னே?" என்றார்.

அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

"நீங்க என்னயவே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. விடிஞ்சு கண்ணத் தொறந்தா... என்ற நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துட்டு இருப்பீங்க. என்னால அதத் தாங்க முடியலீங்க. சோலார்னு சொன்னா... ரெண்டு நாளு நோட்ட வெச்சுட்டு உக்காந்துக்குவீங்க. முடிவு வர்ற மாதிரி இருந்தா, காத்தாடின்னு மாத்திச் சொல்லுவேன். மறுக்கா ரெண்டு நாளு. அந்த நாளெல்லாம்... நீங்க பழைய மாதிரியே இருந்தீங்க."

வேனின் தகரத்தில் அவர் கையை ஊன்றியிருந்தார். வெயிலில் அது சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை. மேப்பில் பென்சில் கோடு போட்டது, ஊர் ஊராகப் பேர் எழுதியது, கட்ச் உப்பில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்றது, எல்லாம் அவருக்காகவா. அப்ப குஜராத்து என்று கேட்டார், குழந்தை கேட்பதுபோல.

"அதெல்லாம் மேப்புலயே போயிட்டு வந்துட்டேங்க."

பட்டறைக்குள் ஆட்கள் திரும்பி வந்து சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கேட்காமலே போய்விடும் என்று பயமாக இருந்தது. "வசந்தா, அந்தப் புறா" என்று ஆரம்பித்தார்.

"தெரியுங்க. நீங்க அதயே நெனச்சுட்டு இருக்கறீங்கன்னு... தெரியும். அது உங்க புறா இல்லீங்க. நம்ம புறா. தண்ணி வெச்சது நானு, தீனி போட்டது நானு. உங்க கையிலயவிட என்ற கையிலதான்... அதிகமா உக்காந்துச்சு. எனக்குப் புடிச்சுத்தான் மாடிக்குப் போனேன்."

அதற்கப்புறம் அவளுக்கு மூச்சு வாங்கியது. செல்வி போனை வாங்கப் பார்க்கிறாள், இவள் தரவில்லை என்று தெரிந்தது. அவர் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கும். அழ வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, வண்டி ஓடுமா என்று கேட்டாள். ஓடும், ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தகரம் என்றார்.

"இருக்கட்டும். எடுத்துட்டு வாங்க. இன்னிக்கு எனக்கு நல்லா இருக்குது. வெளிச்சம் இருக்கறப்பவே வந்துருங்க. எங்கியாச்சும் ஒரு ரோட்டுல... கொஞ்ச தூரம் போலாம்."

கரண்ட் நெடுநேரம் போனால், ஆஸ்பத்திரிக்குப் போனால் இருக்கட்டும் என்று வாங்கி வைத்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் இரண்டு, வீட்டு மூலையில் துணி போர்த்தி நின்றன. ஒவ்வொன்றும் ஏழு எட்டு மணி நேரம் வரும். இது அவருக்குத் தெரியாதது அல்ல. ஆபத்துக்கு என்று ஒதுக்கி வைத்தவர் அதைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. சோலாரும் வேண்டாம் காத்தாடியும் வேண்டாம் என்று யூசுப்பிடம் சொன்னபோது, ஏன் என்று அவர் கேட்கவில்லை. வெல்டரிடம் போய் ஏதோ சொல்லி அவரை வேறு வண்டிக்கு அனுப்பினார். பிறகு தானே முழங்கால் போட்டு உட்கார்ந்து, வேப்பமரத்தடியில் கிடந்த அந்த இரட்டை இருக்கையைத் துடைத்து, வேனுக்குள் டிரைவர் இருக்கைக்குப் பின்னாலேயே ஜன்னலை ஒட்டி நாலு போல்ட் அடித்து முடுக்கினார். சிலிண்டர் சாயாமலிருக்கச் சுவரில் இரண்டு பெல்ட் மாட்டினார். அவர் முடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நாச்சிமுத்துவுக்கு, அரை மணி நேர வேலைதானே, மூன்று மாதமாக இந்த அரை மணி நேரம் எங்கே இருந்தது என்று இருந்தது. கிளம்பும்போது யூசுப் கதவைச் சாத்திவிட்டு, மெதுவா ஓட்டுங்க சார், பின்னால கனம் இல்லாம குதிக்கும் என்றார்.

குதித்தது. அரவக்குறிச்சி தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அடித்து வெறும் கூட்டைத் தள்ளியது, உள்ளே தகரம் முழுக்க அதிர்ந்தது. சாலையின் இருபக்கமும் முருங்கைத் தோட்டங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. பக்கத்து இருக்கையில் நோட்டு கிடந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அது கீழே விழுந்து, இடுக்குக்குள் போய்விட்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. ஐந்து மாதம் அவள் தனியாக அதைச் சுமந்துகொண்டு, காலை வெயிலில் காலை நீட்டிக்கொண்டு, சத்தம் போடுமேங்க என்றும் மழை வந்தா என்னங்க என்றும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தொலை என்று அவர் கத்தியபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இப்போதுதான் அவருக்கு விளங்கியது. விளங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு மணல் லாரி கடந்து போகிற வரைக்கும் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தார். வெளிச்சம் இருக்கறப்பவே என்றாளே என்று நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஆறு மணிக்குத் தெருவுக்குள் திரும்பியபோது அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் பருத்திப் புடவை, தோளில் பள்ளிக்கூடம் போகும்போது மாட்டிக்கொள்கிற பை. மூக்கிலிருந்து போன குழாய் கூடத்தைத் தாண்டி அந்தப் படிவரைக்கும்தான் எட்டும். அது எட்டுகிற கடைசி அடியில் நின்றாள். அவர் சிலிண்டரை ஏற்றி, பெல்ட்டை மாட்டி, குழாயை மாற்றிக் கொடுத்தார். வேனில் ஏற ஒரே ஒரு படி. அதற்கு அவளுக்கு ஆறு நிமிஷம் ஆனது. செல்வி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். இவர் பின்னால் இரண்டு கையையும் ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு, தொடாமல் நின்றார், தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. உட்கார்ந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு நிதானத்துக்கு வரக் காத்திருந்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். மிஷின் உள்ளே ஓடிக்கொண்டிருக்குதுங்க, அணைச்சுட்டு வாங்க என்றாள்.

அவர் உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷின் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, குழாயின் முனை தரையில் கிடந்து சீறிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர இரண்டு வருஷமாக ஒரு நிமிஷம்கூட நிற்காதது, நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு நின்றது. வீட்டில் அப்படியொரு அமைதி. சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. கடிகாரம் ஓடுவது கேட்டது. அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கட்டிலில் அவள் தலையணை நடுவில் குழிந்திருந்தது. ஓ, இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தார். இங்கேதான் நிற்க வேண்டியிருக்கும், இந்த இடத்தில், இதைக் கேட்டுக்கொண்டு. சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் அவர் அப்படியே நின்றார்.

வாசலில் ஹாரன் அடித்தது. முன் இருக்கை வரைக்கும் எட்டிக் கையை நீட்ட வேண்டியிருந்திருக்கும் அவளுக்கு, அதற்கே எவ்வளவு மூச்சு போயிருக்கும். இன்னொரு தரமும் அடித்தாள். வர்றேன் வசந்தா, வர்றேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவர் வெளியே ஓடினார்.